பெரிய வேலையை நிரை பிரிப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் நான்கு, ஊரும் நோக்கமும் வேறுபட்டாலும், ஒரே பொருளைத்தான் பேசுகின்றன: பெரிய வேலையொன்றைச் செயலியின் துணையோடு நடத்துவது எப்படி? பணிகளை நிர்வகிக்கும் செயலி ஒன்றைக் கைத்தொலைபேசியில் நிறுவிக்கொண்டு பெரிய வேலையொன்றைத் தொடங்குபவர்களில் சிலர், சில வாரங்களிலேயே அந்தச் செயலிக்குள் வழி தவறி நிற்கிறார்கள். ஆகவே இப்பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நான் பொகவந்தலாவைப் பகுதியில் ஒரு தோட்டப் பாடசாலையின் ஆசிரியை. எங்கள் தோட்டத்தில் பாவனையின்றிக் கிடக்கும் பழைய பிள்ளை மடுவத்தை (தொழிலாளரின் குழந்தைகளைப் பராமரிக்கும் கட்டடத்தை) திருத்தி, மாணவர்களுக்கான வாசிகசாலையாக மாற்றுவதற்கு ஆறு பேர் கொண்ட குழுவாக முயன்று வருகிறோம். செய்ய வேண்டியவை அனைத்தையும் டூடுயிஸ்ட் செயலியில் எழுதினேன். இப்போது 180க்கும் மேற்பட்ட பணிகள் அதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு திகதி கொடுத்தேன். பாதிக்கு மேல் திகதி கடந்து சிவப்பு நிறத்தில் நிற்கின்றன. கடந்த மூன்று வாரங்களாகச் செயலியைத் திறக்கவே மனம் வரவில்லை. தவறு என்னுடையதா, செயலியினுடையதா?

பதில்: சகோதரி, உங்கள் உழைப்பிலும் குறையில்லை, செயலியிலும் குறையில்லை. பட்டியல் எழுதப்பட்ட முறையில்தான் சிக்கல் இருக்கிறது. கடிதத்தில் எடுத்துக்காட்டாக ஐந்து பணிகளைக் குறிப்பிட்டிருந்தீர்கள்: "கூரை", "புத்தகம்", "தோட்ட அனுமதி", "பிரதேச சபை", "திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது". இவற்றுள் ஒன்றுகூடப் பணியன்று. கூரை என்பது ஒரு பொருள், தோட்ட அனுமதி ஒரு முடிவு, திறப்பு விழா ஓர் எண்ணம். மாலையில் பாடசாலை விட்டு வந்து களைப்போடு செயலியைத் திறக்கும்போது, "கூரை" என்ற சொல்லைப் பார்த்து நீங்கள் என்ன செய்ய முடியும்? கண் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகும், அதையும் தாண்டும். இப்படி நாள்தோறும் தாண்டித் தாண்டியே பட்டியல் அச்சமூட்டும் ஒன்றாகிவிட்டது.

என் தாயார் தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். காலையில் வேலையாட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் பதிவாகும்போதே, இன்றைக்கு எந்த நம்பர் மலை, அதாவது தோட்டத்தின் எந்தப் பகுதி, என்பது தெரிந்துவிடும். மலைக்குப் போனதும் மேற்பார்வையாளரான கங்காணி நிரை பிரித்து, ஒவ்வொருவரும் பறிக்க வேண்டிய செடி வரிசையைக் கொடுப்பார். அதன்பின் என் தாயாருக்கு முன்னால் இருந்தது அவருடைய நிரை மட்டுமே. தோட்டத்தில் எத்தனை ஏக்கர் இருக்கிறது என்பதை அவர் அந்த வேளையில் நினைக்க வேண்டியதில்லை. தோட்டத்தை மலைகளாகவும், மலையை நிரைகளாகவும் இரண்டு முறை பிரித்த பிறகே கை கொழுந்துக்குப் போகிறது. உங்கள் பட்டியலில் இந்த இரண்டு பிரிப்புகளும் நடக்கவில்லை. 180 பணிகளும் ஒரே மலையாகக் குவிந்து கிடக்கின்றன.

முதற் பிரிப்பை முடிவுகளை வைத்துச் செய்யுங்கள். வாசிகசாலை திறக்கப்படும் நாளன்று எவையெல்லாம் உண்மையாகியிருக்க வேண்டும் என்று கேட்டு, அவற்றை முடிந்துவிட்ட செய்திகளாக எழுதுங்கள். "கட்டடத்தைப் பாவிப்பதற்கான எழுத்து மூல அனுமதி கையில் உள்ளது." "கட்டடம் ஒழுகாமல், மின்சாரத்தோடு இருக்கிறது." "மேசைகளும் அலுமாரிகளும் உள்ளே வந்துவிட்டன." "முதற்றொகுதி நூல்கள் பதிவேட்டில் ஏறிவிட்டன." "திறந்து மூடுவதற்குப் பொறுப்பானவர் தெரிவாகிவிட்டார்." இப்படி எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்ல முடியும். "கட்டட வேலைகள்" என்று தலைப்பிட்டால் அது ஒருநாளும் முடியாது. கட்டடத்துக்கு வேலை எப்போதும் இருந்துகொண்டேதான் இருக்கும். செயலியில் இந்த ஐந்தையும் ஒரே திட்டத்துக்குள் ஐந்து பிரிவுகளாக வையுங்கள். ஏதேனும் ஒரு பிரிவில் பணிகள் முப்பதைத் தாண்டினால், அல்லது அதற்கு முற்றிலும் வேறொருவர் பொறுப்பாக இருந்தால், அதைத் தனித் திட்டமாக்கிவிடலாம். துணைப்பணிக்குள் துணைப்பணி என்று ஆழமாகப் போவதைத் தவிருங்கள். செயலி இடம் கொடுக்கிறது என்பதற்காக அடுக்கிக்கொண்டே போனால், உண்மையில் செய்ய வேண்டிய பணி நான்காவது அடுக்கில் ஒளிந்துகொள்ளும்.

இரண்டாவது பிரிப்பு, நிரை பிரிப்பது. ஒருவர் ஒரே அமர்வில் செய்து முடிக்கக்கூடியதாகவும், வினைச்சொல்லோடும் ஒவ்வொரு பணியும் இருக்க வேண்டும். "கூரை" என்ற அந்த ஒற்றைச் சொல்லை நான் இவ்வாறு எழுதுவேன்: "துருப்பிடித்த தகரங்களை எண்ணி, கைத்தொலைபேசியில் படம் எடுத்தல்", "படங்களை மேசன் பாஸிடம் காட்டிக் கூலி மதிப்பீடு கேட்டல்", "ஹட்டனில் இரண்டு கடைகளில் தகரத்தின் விலை கேட்டு எழுதுதல்", "மதிப்பீட்டைக் குழுக் கூட்டத்தில் வைத்து முடிவெடுத்தல்". முதலாவது பணிக்கு அரை மணி நேரம் போதும், இன்று மாலையே செய்யலாம். மேலும், ஒவ்வொரு பணிக்கும் ஒருவருடைய பெயர் மட்டும் இருக்கட்டும். "குழு" என்று எழுதப்பட்ட பணியை ஒவ்வொருவரும் மற்றவர் செய்வார் என்று விட்டுவிடுவார்கள்.

இனி வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருந்தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் கைமாறிய பின்னர், தோட்டத்துக் கட்டடம் ஒன்றைத் தொடுவதற்கு முகாமையாளரின் வாய்மொழிச் சம்மதம் போதாமல் போகலாம். கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கும் கடிதம் போக வேண்டியிருக்கும். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள்ளும் பணி செய்வதற்கு 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழி திறந்திருப்பதால் உங்கள் பிரதேச சபையிடம் உதவி கேட்பது முறையானதே, ஆனால் அங்கும் அனுமதிக் கடிதத்தின் பிரதியைத்தான் முதலில் கேட்பார்கள். ஆக, அனுமதி கிடைக்கும்வரை கூரை வேலைக்கான செலவில் ஒரு சதமும் இறங்கக்கூடாது. நூல் சேகரிப்புக்கோ அனுமதி தேவையில்லை; அதை இன்றே தொடங்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டியவை எவை, ஒரே காலத்தில் நடக்கக்கூடியவை எவை என்ற இந்த வேறுபாட்டைப் பட்டியல் காட்ட வேண்டும். அப்பிள் கருவிகளில் இயங்கும் ஒம்னிஃபோக்கஸ் போன்ற செயலிகளில், திட்டத்தை "தொடர் வரிசை" என்று அமைத்துவிட்டால், முன்னது முடியும்வரை பின்னது கண்ணில் படாதவாறு அதுவே பார்த்துக்கொள்ளும். நீங்கள் பாவிக்கும் செயலியில் இதைக் கையால் செய்ய வேண்டும். "இப்போது" என்றொரு குறிச்சொல்லை உருவாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் உடனே செய்யக்கூடிய முதற் பணிக்கு மட்டும் அதை இடுங்கள். நாள்தோறும் அந்தக் குறிச்சொல்லை மட்டும் திறந்து பாருங்கள். 180க்குப் பதிலாக ஐந்து வரிகளே தெரியும். அவற்றில் ஒன்று முடிந்ததும் அதே பிரிவின் அடுத்த பணிக்குக் குறிச்சொல்லை மாற்றுங்கள்.

சிவப்பு நிறத்துக்கு வருகிறேன். திகதி கொடுக்க வேண்டிய பணிகள் மிகச் சிலவே. தவறினால் வெளியிலுள்ள ஒருவரிடம் பதில் சொல்ல வேண்டிய நாள், அல்லது கடந்துவிட்டால் திரும்பி வராத நாள் எதுவோ அதற்கே திகதி உரியது. விண்ணப்ப முடிவு நாள், பாடசாலைத் தவணை விடுமுறை, குழுக் கூட்டம் போன்றவை அப்படிப்பட்டவை. "இந்த வாரத்துக்குள் முடித்தால் நல்லது" என்ற ஆசையைத் திகதியாக எழுதினால், உண்மையான திகதியும் ஆசையும் ஒரே சிவப்பில் கலந்துவிடும். பிறகு எதையும் நம்ப முடியாது. இன்று உட்கார்ந்து, இந்தச் சோதனையில் தேறாத எல்லாத் திகதிகளையும் நீக்கிவிடுங்கள். பெரும்பாலான பணிகள் திகதியில்லாமல் நிற்பதைப் பார்க்கச் சற்றுக் கூச்சமாக இருக்கலாம். அது சரியான நிலைதான்.

திகதியில்லாவிட்டால் மறந்துபோகாதா என்று கேட்பீர்கள். மறக்காமல் இருப்பதற்குத்தான் ரவுண்டு. ஒரு மலையில் கொழுந்து பறித்தால், ஏழு முதல் பத்து நாளுக்குள் மீண்டும் அங்கே வந்தாக வேண்டும். ரவுண்டு தவறினால் கொழுந்து முற்றிவிடும், அடுத்த முறை பறிப்பதும் கடினம், பக்டரியிலும் தரம் குறையும். அதேபோல் வாரத்தில் ஒரு நாள், முப்பது நிமிடம், திட்டத்தின் எல்லாப் பிரிவுகளையும் மேலிருந்து கீழாக ஒருமுறை வாசியுங்கள். முடிந்தவற்றை அடையாளமிடுங்கள், குறிச்சொற்களை நகர்த்துங்கள், யாரிடமிருந்து பதில் வரவில்லை என்று பாருங்கள். மூன்று ரவுண்டுகளிலும் கை வைக்கப்படாமல் நின்ற பணி ஒன்றிருந்தால், அது இன்னும் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது அல்லது அதை யாரும் உண்மையில் விரும்பவில்லை. பெரிதென்றால் உடையுங்கள், விரும்பவில்லையென்றால் "பின்னர்" என்ற வேறொரு பட்டியலுக்கு அனுப்புங்கள். உங்கள் 180இல் எழுபது, எண்பது அங்கே போய்ச் சேரும் என்றே நினைக்கிறேன். கவ்வாத்து வெட்டாத, அதாவது கிளைகளைக் கத்தரித்துவிடாத, தேயிலை உயர்ந்து மரமாகும். அதில் கைக்கு எட்டும் கொழுந்து இராது.

கேள்வி: பண்டாரவளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் முதியவர்கள் நாற்பது பேரின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யும் இளைஞர் குழு எங்களுடையது. எந்தச் செயலி பொருத்தம்? பல இடங்களில் சிக்னல் கிடைப்பதில்லை.

பதில்: தம்பி, உங்கள் வேலையின் உருவம் ஆசிரியையின் வேலையிலிருந்து வேறுபட்டது. வாசிகசாலையில் ஒவ்வொரு பணியும் ஒவ்வொரு விதம். உங்களிடமோ ஒரே விதமான நாற்பது வேலைகள், ஒரே படிகளைக் கடந்து செல்கின்றன. சம்மதம் பெறுதல், பதிவு செய்தல், எழுத்தாக்குதல், சொன்னவரிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்த்தல், களஞ்சியத்தில் சேர்த்தல். இத்தகைய வேலைக்குப் பட்டியலைவிடப் பலகை வசதியானது. 2011இல் வெளிவந்த ட்ரெலோ என்ற பலகைச் செயலி இதற்கு நன்கு பொருந்தும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நிரல், ஒவ்வொரு முதியவருக்கும் ஓர் அட்டை. அட்டை இடமிருந்து வலமாக நகரும்.

இந்த முறையின் வேர் யப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில் வளர்ந்த கன்பான் முறையில் இருக்கிறது. அதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விதி உண்டு: ஒரு நிரலில் ஒரே நேரத்தில் இத்தனை அட்டைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு. உங்கள் "எழுத்தாக்குதல்" நிரலில் மூன்று அட்டைகளே இருக்கலாம் என்று வையுங்கள். பதிவு செய்வது மகிழ்ச்சியான வேலை, எல்லோரும் அதற்கு முன்வருவார்கள்; ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்குவது பல மணி நேர உழைப்பு, அதற்கு ஆள் கிடைக்காது. வரம்பு இல்லாவிட்டால் முப்பது ஒலிப்பதிவுகள் எழுத்தாகாமல் தேங்கிவிடும். சரிபார்ப்பதற்கு நீங்கள் திரும்பிப் போகும்போது, சொன்னவர் சிலர் நம்மிடையே இல்லாமல் போயிருப்பார்கள்.

சிக்னலைப் பொறுத்தவரை, எந்தச் செயலியையும் தெரிவு செய்வதற்கு முன் கைத்தொலைபேசியை விமான நிலைக்கு மாற்றி, ஒரு பணியைச் சேர்த்து, ஒன்றை முடித்து, பிறகு இணையத்தை இயக்கி எல்லாம் சரியாகச் சேர்ந்ததா என்று சோதியுங்கள். ஒலிக்கோப்புகளைச் செயலிக்குள் ஏற்றாதீர்கள். அவை தனி வன்தட்டில், இரண்டு பிரதிகளாக இருக்கட்டும். அட்டையில் கோப்பின் பெயர் மட்டும் போதும்.

கேள்வி: மஸ்கெலியாவுக்கு அருகில் எங்கள் தோட்டக் கோயிலுக்கு அடுத்த ஆண்டு ஆனி மாதத்தில் கும்பாபிஷேகம் நடத்தத் தீர்மானித்துள்ளோம். நான் பரிபாலன சபையின் செயலாளர். சபையில் பதினான்கு பேர். செயலியைப் பாவிக்கத் தெரிந்தவர்கள் நால்வரே. மற்ற எல்லாம் வட்ஸ்அப் குழுவில்தான் பேசப்படுகின்றன. இந்த நிலையில் செயலியால் பயன் உண்டா?

பதில்: உண்டு, செயலாளர் ஐயா. ஆனால் பதினான்கு பேரும் அதைத் தொட வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் அதை எழுதிக் காப்பவராக இருக்கட்டும். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் பத்து நிமிடம் கூடி, அந்த வாரத்துக்குரிய பணிகளையும் பொறுப்பாளர் பெயர்களையும் அவர் வாசிக்கட்டும். அதையே ஒரு தாளில் எழுதிக் கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும். முடித்தவர் தொலைபேசியில் சொன்னால் அவர் அடையாளமிடுவார். வட்ஸ்அப்பில் எதையும் பேசலாம், ஆனால் பட்டியலில் ஏறாத எதுவும் தீர்மானமாகாது என்பதைச் சபையில் நிறைவேற்றிக்கொள்ளுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே நாதஸ்வரக் குழுவுக்குக் கொடுத்த முற்பணம் எவ்வளவு என்று தேடும் நிலை வரக்கூடாது.

உங்களுடைய உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நாள் குறிக்கப்பட்ட வேலையை இன்றிலிருந்து முன்னோக்கித் திட்டமிட்டால் கடைசியில் இடிக்கும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். கும்பாபிஷேகத்தைச் செயலியில் முதலில் எழுதுங்கள். அதற்கு முன்தினம் எண்ணெய்க்காப்பு. அதற்கு முன் யாகசாலை அமைந்திருக்க வேண்டும். அதற்கும் முன் வர்ணம் பூசி முடித்துச் சாரம் இறக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கேதான் மழை குறுக்கிடுகிறது. மேற்குச் சரிவில் உள்ள மஸ்கெலியாவில் தென்மேல் பருவமழை மே மாதத்திலிருந்து கொட்டும். ஏப்ரலிலும் பிற்பகல் இடிமழை உண்டு. ஆகவே கோபுர வர்ணத்தை ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களுக்குள் முடிப்பதே பாதுகாப்பானது. புதிய சாந்து வர்ணம் ஏற்கும் அளவுக்குக் காய்வதற்குச் சுமார் நான்கு வாரம் விட வேண்டும் என்பதால், சுதை வேலை, அதாவது சாந்தால் சிற்பங்களைச் செய்து திருத்தும் வேலை, டிசம்பருக்குள் முடிய வேண்டும். அதற்கு முன், திருப்பணிக் காலத்துக்காகத் தெய்வ சக்தியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலஸ்தாபனம். ஸ்தபதி இந்தியாவிலிருந்து வருவதாயின் அதற்கும் முன் விசா. இப்படிப் பின்னோக்கி வந்தால், அடுத்த ஆண்டு ஆனிக்கான வேலையை இந்த ஆண்டின் நடுப்பகுதியிலேயே தொடங்க வேண்டும் என்பது தாளில் தெரிந்துவிடும். ஊவாப் பக்கத்து வாசகர்கள் இந்த மாதங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்; பதுளையில் பெருமழை ஒக்டோபருக்குப் பிறகே வலுக்கும், அங்கே கணக்கு வேறு.

இதில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் வேலைகளின் சங்கிலி ஒன்று இருக்கிறது: நிதி, பாலஸ்தாபனம், சுதை, வர்ணம், யாகசாலை. அழைப்பிதழ் அச்சிடுவது பத்து நாள் பிந்தினால் எப்படியும் சமாளிக்கலாம். சுதை வேலை பத்து நாள் பிந்தினால் அதன் பின்னுள்ள எல்லாம் பத்து நாள் தள்ளி மழையை நோக்கி நகரும். அமெரிக்காவின் டுபொன்ட் இரசாயன நிறுவனத்தில் 1957 அளவில் தொடங்கி உருவாக்கப்பட்ட ஒரு கணிப்பு முறை இந்தச் சங்கிலியைத்தான் கண்டுபிடிக்கிறது. மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு பணிக்கும் முன்பணி எது என்று எழுதினால், அந்தச் சங்கிலியை அவையே வேறு நிறத்தில் காட்டும். உங்களுக்கு அவ்வளவு பெரிய மென்பொருள் தேவையில்லை. எளிய செயலியில் இந்த ஐந்துக்கும் "தள்ள முடியாது" என்று ஒரு குறிச்சொல் இட்டு, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முதலில் அவற்றை மட்டும் கேளுங்கள். அன்னதானத்துக்குக் கறி என்ன என்ற விவாதம் அவற்றுக்குப் பிறகு நடக்கட்டும்.

இன்னொன்று: கும்பாபிஷேகத்துக்குப் பின் 48 நாள் மண்டலாபிஷேகத்துக்கான உபயகாரர் (அந்தந்த நாள் பூசைச் செலவை ஏற்பவர்) பெயர்களை 48 பணிகளாகச் செயலியில் ஏற்ற வேண்டாம். அது ஓர் அட்டவணை. நாள், உபயகாரர், தொலைபேசி இலக்கம் என்று மூன்று நிரல்களோடு ஒரு தாளில் இருக்க வேண்டியது. செயலியில் "உபயகாரர் அட்டவணையை முழுமையாக்குதல்" என்ற ஒரே பணி போதும்.

கேள்வி: நுவரெலியாவில் எங்கள் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியை ஆசனா செயலியில் திட்டமிட்டு நன்றாக நடத்தி முடித்தோம். இப்போது அந்தத் திட்டத்தை அழித்துவிடலாமா?

பதில்: அழிக்க வேண்டாம். முதலில், நடந்தபின் நினைவுக்கு வந்தவற்றை, சுண்ணாம்புக் கோடு போட ஆள் இல்லாமல் தவித்தது, ஒலிபெருக்கிக்கு மாற்று மின்சாரம் ஒழுங்கு செய்யாதது போன்றவற்றை, உரிய இடத்தில் பணிகளாகச் சேர்த்துவிடுங்கள். நினைவு புதிதாக இருக்கும் இந்த வாரத்திலேயே அதைச் செய்ய வேண்டும். பிறகு திட்டத்தைப் பிரதி எடுத்து, பிரதியில் பெயர்களையும் திகதிகளையும் நீக்கி, திகதிக்குப் பதிலாகப் "போட்டிக்கு ஆறு வாரத்துக்கு முன்", "முன்தினம்" என்று எழுதி வையுங்கள். மூலத்தைக் களஞ்சியப்படுத்துங்கள், யார் எதற்கு எவ்வளவு செலவழித்தார் என்ற குறிப்புகள் கணக்காய்வின்போது தேவைப்படும். பிரதியில் அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் ஆசிரியரையும் அதிபரையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். அது உங்கள் கணக்கில் மட்டும் இருந்தால், நீங்கள் இடமாற்றம் பெற்றுச் செல்லும் நாளில் அதுவும் உங்களோடு போய்விடும்.